ஆவன செய்யவும்

சங்கர்,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டிருக்கிறேனே தவிர ஒட்டவில்லை. மறந்து போய் அல்ல. நாளை சனிக்கிழமை, அப்பா வேலைக்குப் போன பிறகு நீ ஜனக்புரி சிநேகிதன் வீட்டிலிருந்து வந்து உன் டிரங்குப் பெட்டியை எடுத்துப் போவாய் என்று தெரியும். பெட்டியின் மேல் இது இருக்கும். அதற்கு முன்னால் அப்பாவின் கண்ணில் பட்டால் அவரும் படிக்கட்டும். கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று எழுதிய எதையும் யாருக்கும் காட்டியவள் இல்லை நான். அரிசி டின்னுக்குப் பின்னால் என் நோட்டுப் புத்தகங்கள் இருப்பது உனக்கே தெரியாது. இந்தக் கடிதத்தை மட்டும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மூடி வைத்ததால் வந்தது போதும்.

தமிழில் எழுதுகிறேன். லக்ஷ்மிபாய் நகரில் தாத்தா வீட்டில் இருந்தபோது ஐந்தாவது வரை படித்த தமிழ் உன்னுடையது. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், கோபம் வரும். வரட்டும். நீ மெதுவாகப் படிக்கவேண்டும் என்பதே என் ஆசை. நேரில் சொன்னால் நீ இந்தியில் பதில் சொல்லத் தொடங்குவாய். உன் இந்தியின் வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடிந்ததில்லை. இங்கிலீஷ் எனக்கு வரும். நன்றாகவே வரும் என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு இந்த வீட்டுக்கு என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அப்பாவின் சுங்க வழக்கு அப்பீல் விசாரணை. நீ புது வேலையில் சேரத் திங்கட்கிழமை பம்பாய் வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாய். தெரிந்து எடுத்தாயா தெரியாமல் எடுத்தாயா என்று கேட்க மாட்டேன். அப்பா விசாரணைக்குப் போகப்போவதில்லை என்கிறார். போகாவிட்டால் நாலு வருஷத்துக்கு முந்தைய உத்தரவு அப்படியே நிலைத்துவிடும்: பொய் பில் காட்டிச் சரக்கு இறக்கியவர். "போதும்ட்டி, எழுதினது எழுதினபடி இருக்கட்டும்" என்று, பால் வரவில்லை என்று சொல்கிற குரலில் சொன்னார். போன வாரம் லூதியானாவிலிருந்து குர்பச்சன்ஜி வந்திருந்தார், ஸ்வெட்டர் பட்டறைக்காரர், உனக்குத் தெரியும். அப்பா தன் பூதக்கண்ணாடியை அவர் கையில் வைத்து, "நீங்க வச்சுக்குங்க" என்று கொடுத்துவிட்டார். ஊசி முனை பார்க்கிற கண்ணாடி. இருபது வருஷமாகச் சட்டைப் பையில் இருந்தது. குர்பச்சன்ஜி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்குப் பயம் என்று எழுதக் கை வரவில்லை. நீ பெரியவன், புரிந்துகொள்வாய்.

உனக்கு அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. உனக்குத் தெரிந்ததெல்லாம் தபால்தலைகள். கடைக்கு வருகிற உறையிலிருந்து ஜெர்மன் தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து ஆல்பத்தில் ஒட்டுவாய். அந்த உறைக்குள் இருந்தது என்ன என்று கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலை பின்னல் மெஷினுக்கு ஊசி செய்தது. அப்பா ஒரு கடையில் விற்பனையாளாக இருந்து, பிறகு கரோல் பாகில் நாம் குடியிருந்த வீட்டின் கீழ் அறையையே கடையாக்கி, அந்த ஊசியை நேரே வரவழைத்து லூதியானாவுக்கு விற்றார். ஒரு மாதம் பட்டறை ஓட வேண்டிய ஊசி ஒரு காலணிப் பெட்டியில் அடங்கிவிடும். சர்க்கார் கொடுத்த லைசென்ஸில் 'பின்னல் மெஷின் ஊசி' என்று இருக்கும். தொழிற்சாலை அனுப்பும் பில்லிலும் அதே வார்த்தை இருக்கும். இங்கே பாங்க், இன்ன கம்பெனிக்கு இன்ன சரக்குக்குப் பணம் தருவோம் என்று ஒரு உறுதிக் கடிதம் கொடுக்கும். எல்.சி. என்பார்கள். அதில் உள்ள பெயரும் பில்லில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போனால்தான் பாங்க் நம்மிடம் காகிதங்களைத் தரும். காகிதம் இருந்தால்தான் பாலம் விமான நிலையத்தில் சரக்கைத் தருவார்கள். சரக்கு ஒரு ஊரிலிருந்து வந்தது, பில்லும் அதே ஊரிலிருந்து வந்தது. எட்டு வருஷம் ஒரு சிக்கலும் இல்லை.

உன் ஸ்வெட்டர் ஞாபகம் இருக்கிறதா, மெரூன் நிறம், பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போவது? அப்பா உன்னை வாசலில் நிறுத்தி, காலரை மடித்து உள்பக்கம் பார்ப்பார். நீ நெளிவாய். "நில்லுலே, பஸ்ஸு எங்கேயும் ஓடிப் போகாது" என்பார். ஊசி ஒன்று வளைந்திருந்தால் துணியில் ஒரு தையல் விட்டுப்போய் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கோடு விழும். அந்தக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பார். பனிக்காலத்து மத்தியானங்களில் ஆபீஸ் பெண்கள் வெயிலில் புல்தரையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பார்களே, அவர்களைக் கடந்து போகும்போதுகூட அவர் கண் அந்தக் கம்பளியில்தான் இருக்கும். ஒரு தடவை ஒரு அம்மாள் முறைத்தாள். நான்தான், "அவர் தையலைப் பார்க்கிறார், பெஹன்ஜி" என்று சமாதானம் சொன்னேன். அந்த மனிதரைப் பற்றித்தான் பேசுகிறோம்.

உனக்குப் பதினான்கு வயது இருக்கும். ஒரு நாள் நீ கடையிலிருந்து மாடிக்கு ஓடி வந்து, "அம்மா, ராணி தலை! புது நாடு!" என்று கத்தினாய். இங்கிலாந்து ராணியின் தலை போட்ட ஹாங்காங் தபால்தலை. அந்த உறைக்குள் இருந்தது இதுதான்: இனி சரக்கு வழக்கம்போல ஜெர்மனியிலிருந்து வரும், பில்லை மட்டும் எங்கள் ஹாங்காங் அலுவலகம் போடும், டாலரில். ஏன் என்று இல்லை. அவர்களுக்கு அங்கே வரி குறைவாக இருந்திருக்கலாம், கணக்குக்கு வசதியாக இருந்திருக்கலாம். பெரிய கம்பெனி ஒன்று தன் வசதிக்காக ஒரு நாற்காலியை இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு நகர்த்தியது, அவ்வளவுதான். அந்த நாற்காலியின் காலில் நாம் கட்டுண்டிருந்தோம். நீ அந்த ராணி தலையை ஆல்பத்தில் தனிப் பக்கம் போட்டு ஒட்டினாய்.

அடுத்த சரக்கு பாலத்தில் வந்து உட்கார்ந்தது. எல்.சி.யில் ஜெர்மன் கம்பெனியின் பெயர், பில்லில் ஹாங்காங் கம்பெனியின் பெயர். பாங்க் கையை விரித்தது. அதைச் சரி செய்து முடிப்பதற்குள் இன்னொன்று. ஹாங்காங்கில் பில் அடித்தவர் 'ஊசி' என்று எழுதவில்லை, 'மெஷின் பாகங்கள், பலவகை' என்று எழுதியிருந்தார். அவருக்கு எல்லாம் ஒன்றுதான். லைசென்ஸில் பாகங்கள் இல்லை, ஊசிதான் இருந்தது. நமக்காகச் சுங்க ஆபீஸ் வேலைகளைப் பார்த்த மேத்தாஜி நம் கூடத்தில் உட்கார்ந்து டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "பெஹன்ஜி, மாப்பிள்ளை ஒரு வீட்டிலிருந்து கிளம்புகிறார், ஊர்வலம் இன்னொரு வீட்டிலிருந்து வருகிறது. பெண் வீட்டுக்காரன் கதவைத் திறப்பானா?" நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. மழைக்காலத்தில் வந்த சரக்கு தீபாவளி கழித்துத்தான் கைக்கு வந்தது. வாடகையாகக் கிடங்குக்கு அழுதது வேறு. குர்பச்சன்ஜியின் பன்னிரண்டு மெஷினும் ஊசியில்லாமல் நின்றன. அவர் நல்லவர், கத்தவில்லை. "பிள்ளை சாப், எனக்கு ஸ்வெட்டர் டிசம்பரில் வேண்டும். ஜூனில் கொடுத்தால் நான் அதை ஆட்டுக்குத் திருப்பிப் போட்டுவிடவா?" என்று மட்டும் அப்பாவிடம் கேட்டார். அந்தப் பனிக்காலம் அவர் சதர் பஜாரில் ஒரு பெரிய இறக்குமதிக்காரரிடம் ஊசி வாங்கினார். பெரியவர்களுக்கு இதே ஹாங்காங் பில் ஒரு தொல்லையே இல்லை. அவர்களுக்கு அங்கே ஆள் இருந்தது, போனில் பேசிப் பில்லை வேண்டியபடி எழுதி வாங்கினார்கள். நமக்கு இருந்தது நான்.

ஆமாம், கம்பெனிக்குப் போகிற கடிதமெல்லாம் நான் எழுதியவை. அப்பா எஸ்.எஸ்.எல்.சி. அவர் தமிழ் அழகு, இந்தி சமாளிப்பு, இங்கிலீஷ் கையெழுத்து மட்டும். நான் பதினெட்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்தபோது கொண்டு வந்த சீதனத்தில் எனக்குப் பிடித்தது இங்கிலீஷ்தான். தாத்தா மத்திய சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அவர் வீட்டுக்குக் கொண்டு வருகிற ஃபைல்களின் நகல்களைப் படித்துப் படித்து வளர்ந்தவள் நான். நூலகத்திலிருந்து வாரம் மூன்று நாவல் படிப்பவள். அந்தச் சின்னக் கடைக்குள், வெளிநாட்டுக் கடிதம் எழுதுகிற வேலை என் ராஜ்ஜியமாக இருந்தது. அப்பா எதிரே நின்று, "இப்படி எழுதணும்" என்று தமிழில் சொல்வார். நான் அதைக் கேட்டு, திருத்தி, மெருகேற்றி எழுதுவேன். அவர் கையெழுத்துப் போடுவார். ஒரு நாளும் படித்துக் காட்டச் சொன்னதில்லை.

அடுத்த சரக்குக்கு ஆர்டர் எழுத வேண்டிய நாள் வந்தது. அப்பா தெளிவாகத்தான் சொன்னார்: "சரக்குப் பேர லைசென்ஸ்ல இருக்கிறபடியே போடச் சொல்லு. ஊசின்னா ஊசி. கம்பெனி பேர முன்கூட்டியே எழுதச் சொல்லு, எல்.சி.ல அதையே போட்டுக்கிடுவோம். வேற ஒண்ணும் வேண்டாம்." நான் அதை என் நோட்டில் முதலில் இங்கிலீஷில் அப்படியே எழுதினேன். 'சரக்கின் பெயரை லைசென்ஸில் உள்ளபடியே பில்லில் எழுதவும்.' எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல மொட்டையாக இருந்தது. ஜெர்மனியிலும் ஹாங்காங்கிலும் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கோடு போட்டு அடித்தேன். அதற்குப் பதில், தாத்தாவின் ஃபைல்களில் ஆயிரம் தடவை பார்த்த ஒரு வாக்கியத்தை எழுதினேன். இங்குள்ள சுங்கத்தில் நாங்கள் பட்ட சிரமங்களைக் கருதி, அடுத்த பில் விஷயத்தில் தயவுசெய்து ஆவன செய்யவும். 'டூ தி நீட்ஃபுல்.' எவ்வளவு கௌரவமாக இருந்தது தெரியுமா எனக்கு. தாத்தா பார்த்தால் மெச்சியிருப்பார்.

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து செக்ரடேரியட் வரைக்கும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் உண்டு. ஃபைலை அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் என்ன ஆக வேண்டும் என்று ஏற்கெனவே தெரியும், அதைச் செய்யுங்கள் என்று அர்த்தம். ஹாங்காங்கில் உட்கார்ந்திருந்தவருக்கு வேறு அர்த்தம் தெரிந்திருந்தது. அவருடைய மற்ற இந்திய வாடிக்கைக்காரர்களில் சிலர், விலையைக் குறைத்து பில் போட்டால் இங்கே சுங்கவரி குறையும், மீதிப் பணத்தை வேறு வழியில் அனுப்பிவிடலாம் என்பதை நேராக எழுத முடியாமல், இப்படித்தான் மூடி எழுதுவார்களாம். இது பின்னால் மேத்தாஜி விசாரித்துச் சொன்னது. அந்த மனிதர் நமக்கு நன்மை செய்வதாக நினைத்து, பாதி விலைக்குப் பில் போட்டார். சரக்குப் பெயரை மறுபடியும் 'பாகங்கள்' என்றே எழுதினார், அது வேறு விஷயம். பெட்டிக்குள்ளே உண்மையான விலைப்பட்டியலையும், கூடவே ஒரு துண்டுக் காகிதத்தையும் வைத்தார். 'தாங்கள் விரும்பியபடி ஆவன செய்யப்பட்டது. மீதித் தொகை பற்றி நண்பர் மூலம் பேசிக்கொள்ளலாம்.' பாலத்தில் பெட்டியைப் பிரித்தபோது அதிகாரி முதலில் எடுத்தது அந்தத் துண்டுக் காகிதத்தை.

அதற்கு அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், உன் கண்ணால் பார்த்தாய். வீட்டுக்கு நாலு பேர் வந்தார்கள். மரியாதைக் குறைவாக ஒரு சொல் பேசவில்லை. அலமாரியைப் பார்த்தார்கள், சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தார்கள், உன் ஸ்கூல் பையைப் பார்த்தார்கள். ஒருவர் உன் தபால்தலை ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ராணி தலை ஒட்டிய பக்கத்தில் நின்று உன்னைப் பார்த்தார். நீ அந்த ஆல்பத்தை அதற்குப் பிறகு தொடவில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள். அரிசி டின்னை மட்டும் யாரும் நகர்த்தவில்லை.

அப்பாவை மூன்று நாள் கூப்பிட்டு விசாரித்தார்கள். என் கடிதத்தை எதிரே வைத்து, இதை யார் எழுதியது என்று கேட்டார்கள். அப்பா, "நான்தான்" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். அவருக்கு அந்த வாக்கியத்தைப் படிக்கவே தெரியாது, சங்கர். ஆனால் என்னிடம் என்ன எழுதச் சொன்னார் என்று தெரியும். பெயரைச் சரியாகப் போடச் சொன்னார். அதை இந்தியில் சொன்னார்: "பில் டீக் கர்னே கோ கஹா தா." பில்லைச் சரி பண்ணச் சொன்னேன். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இந்தியில் 'டீக் கர்னா' எத்தனை வேலை செய்யும் என்று. திருத்துவதும் டீக் கர்னாதான், ஆளைப் பார்த்துக் காரியத்தை முடிப்பதும் டீக் கர்னாதான். அவர் சொன்னதை அவர்கள் அப்படியே எழுதிக்கொண்டார்கள், அவர் கையெழுத்துப் போட்டார். அவருடைய வாக்குமூலம் அதுதான். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்ட மனிதர் அவர். சரக்கு பறிபோனது, லைசென்ஸ் போனது, அபராதம் வந்தது, கடை போனது. இப்போது தன்னைவிடப் பத்து வயது சின்னவர் ஒருவரின் கடையில் நின்று ஊசி எடுத்துக் கொடுக்கிறார்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது ஒன்றுதான். "நீ எழுதினேன்னு வெளியில மூச்சு விடக்கூடாது. அந்த ஆபீஸ் பெஞ்சியில நீ வந்து உக்காரக்கூடாது. அது பொம்பளைய உக்கார வைக்கிற இடம் இல்ல." நான் சரி என்றேன். அந்தச் 'சரி'தான் என் தப்பு, கடிதம்கூட இல்லை. கடிதம் அறியாமல் செய்தது. சரி என்றது தெரிந்து செய்தது. அவர் தடுத்தார் என்பது ஒரு காரணம். வக்கீல், வாக்குமூலத்தை மாற்றினால் கதை கட்டுகிறார்கள் என்பார்கள் என்றது ஒரு காரணம். இரண்டையும் நாலு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தூங்கினேன். உண்மையான காரணம் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது.

அந்த நோட்டில் அடித்த வாக்கியம் இன்னும் இருக்கிறது. தேதியோடு, கோடு போட்டபடி, கீழே படிக்க முடிகிற மாதிரி: 'சரக்கின் பெயரை லைசென்ஸில் உள்ளபடியே.' அதைக் காட்டியிருந்தால் அப்பா என்ன கேட்டார் என்று முதல் நாளே தெரிந்திருக்கும். ஆனால் அது கடைக் கடிதங்களுக்கான நோட்டு இல்லை. எல்லாவற்றையும் எழுதுகிற நோட்டு. அந்தப் பக்கத்தின் மறுபக்கத்தில், அதே வாரத்தில், நான் இந்த வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச ஒரு ஆள் இல்லாத வீடு என்று எழுதியிருக்கிறேன். ஊசியைத் தவிர வேறு எதையும் உற்றுப் பார்க்காத ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அதைவிட மோசமாகவும் சில வரிகள் உண்டு. பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தாலும் மறுபக்கம் கூடவே போகும். வக்கீல் படிப்பார், அதிகாரி படிப்பார், யாராவது ஒருவர் தமிழ் தெரிந்தவரைக் கூப்பிட்டு அப்பா எதிரிலேயே மொழிபெயர்க்கச் சொல்வார்கள். அது நடக்கக்கூடாது என்பதற்காக உன் அப்பாவைக் குற்றவாளியாகவே இருக்கவிட்டேன். இப்போது தெரிகிறதா, உன்னைவிட நான் அவரைக் குறைத்து நினைத்திருக்கிறேன் என்று?

இரண்டு மாதம் முன்பு, பம்பாய் வேலை கிடைத்த அன்று, அப்பா உன்னைச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்து உட்கார வைத்தார். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு ஏஜெண்ட் ஆபீஸ், இறக்குமதிக்காரர்களுக்குப் பில், ஆர்டர் எல்லாம் நீதான் பார்ப்பாய் என்று கேட்டதும் அவர் முகத்தில் நான் நாலு வருஷமாகப் பார்க்காத வெளிச்சம். "ஏலே, ஒரு காரியம் கேளு. சரக்கு எங்கேருந்து வருதோ, பில்லும் அங்கேருந்தே வருதான்னு முதல்ல கேட்டுக்கிடு. இல்லேன்னா வாங்குறவனுக்கு முன்னாடியே சொல்லிப்போடு. சின்னக் கடைக்காரனா இருந்தா ரெண்டு தடவ சொல்லு" என்றார். நீ தட்டிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாய்: "ஆப் சிகாயேங்கே? தோ நம்பர் கா காம் கர்னேவாலே?" நீங்களா சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள், ரெண்டாம் நம்பர் வேலை செய்தவர்? தமிழில் உன்னால் அதைச் சொல்லியிருக்க முடியாது. அப்பா எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். பாதிச் சோறு இருந்தது. நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. நீ அன்று சாயங்காலமே ஜனக்புரிக்கு உன் சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டாய்.

அவர் சொன்னது சரியான புத்தி. இந்த விஷயத்தில் அவரைவிட அதிகமாக விலை கொடுத்துப் படித்தவர் தில்லியில் யாரும் இருக்க மாட்டார்கள். நீ இனி ஹாங்காங் மனிதர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்காரப் போகிறாய். உன் மேஜையில் பில் ஒரு காகிதமாக இருக்கும், நூறு காகிதத்தில் ஒன்று. மறுமுனையில் யாரோ ஒருவரின் பன்னிரண்டு மெஷின் அந்த ஒரு காகிதத்தில் நிற்கும். பெரியவர்கள் உன் மேலதிகாரியைப் போனில் பிடித்துவிடுவார்கள். சின்னவர்கள் கடிதம்தான் எழுதுவார்கள், அதுவும் யாரையாவது பிடித்து எழுத வைப்பார்கள். அதில் மங்கலாக ஒரு வாக்கியம் இருக்கும். அதைப் பார்த்ததும், ஓ, இவனும் அந்தக் கூட்டம்தான் என்று முடிவு கட்டாதே. என்ன வேண்டும் என்று திருப்பி ஒரு கடிதம் எழுதிக் கேள். ஹாங்காங்கில் ஒருவர் அப்படி ஒரு தபால்தலை செலவழித்திருந்தால் போதும்.

புதன்கிழமை அப்பாவிடம் நோட்டைப் பற்றிச் சொன்னேன். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னேன், முகம் பார்க்காமல். வக்கீலிடம் கேட்டுவிட்டேன், அடித்த வரி பெரிய ஆதாரம், ஆனால் எழுதினவளே வந்து சொல்ல வேண்டும் என்கிறார், செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன், நோட்டோடு வருகிறேன் என்றேன். அவர் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "அந்த நோட்டு அங்க போக வேண்டாம். அது உனக்குன்னு எழுதினது. நாலு பேரு படிக்க வேண்டாம்" என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். "அரிசி டின்னுக்குப் பின்னாடி இருக்குன்னு கல்யாணம் ஆன வருஷத்துலேருந்தே தெரியும்லா" என்றார். படித்தீர்களா என்று கேட்டேன். "எனக்குக் காட்டணும்னு இருந்தா நீ காட்டியிருப்ப" என்றார். அதன் பிறகுதான் சொன்னார்: "நீ வந்தா நான் வரல. ரெண்டு பேரும் போகாம இருந்தா எல்லாம் முடிஞ்சுரும்."

எனக்கு இப்போது யாரும் இல்லை, உன்னைத் தவிர. நான் கூப்பிட்டால் அவர் வர மாட்டார். வக்கீல் சொன்னாலும் வர மாட்டார். அவர் இல்லாமல் நான் மட்டும் போய் நின்றால், புருஷனைக் காப்பாற்ற வந்த பெண்சாதி என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள். அபராதமும் லைசென்ஸும் எப்படியோ போகட்டும். அந்த உத்தரவு நிலைத்துவிட்டால் அவர் இன்னும் எத்தனை நாள் இப்படிப் பால் வராத குரலில் பேசிக்கொண்டிருப்பார் என்று தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த நோட்டை நான் கொண்டு போகத்தான் போகிறேன். மறுபக்கத்தை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். அதற்கு முன்னால் அவர் படிக்கட்டும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு ஊதுவத்திக் குச்சி வைத்து, இந்தக் கடிதத்தின் அடியில் வைத்திருக்கிறேன். நீ பெட்டியை எடுக்க வரும்போது நோட்டு இங்கே இல்லையென்றால் அவர் எடுத்துவிட்டார் என்று அர்த்தம். இருந்தால், நீ அதைத் திறக்காதே. சாயங்காலம் நானே அவர் கையில் கொடுப்பேன். அது அவருக்கும் எனக்கும் உள்ள விஷயம்.

உன்னிடம் இந்த முறை மூடி எழுத மாட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறேன், லைசென்ஸில் உள்ளபடி. பெட்டியை எடுக்காமல் திரும்பிப் போ. ஸ்டேஷனுக்குப் போய்த் திங்கட்கிழமை டிக்கெட்டை வியாழக்கிழமைக்கு மாற்று. பம்பாய்க்கு ஒரு தந்தி கொடு, வீட்டில் அவசரம் என்று, அது பொய்யில்லை. செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு வீட்டுக்கு வா. அப்பா குளித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதை அவர் தாங்க மாட்டார். தமிழில் மூன்று வார்த்தை சொல். "வாங்கப்பா, போகலாம், நேரமாச்சு." நீ கூப்பிட்டால் அவர் எழுந்துவிடுவார். சட்டையை நீயே எடுத்துக் கொடு, நீலக் கோடு போட்டது, இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். பஸ் வேண்டாம், ஆட்டோ பிடி.

நான் எட்டு மணிக்கே பஸ்ஸில் போய்விடுவேன். விசாரணை அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு இருக்கிறதாம், பத்து மணிக்கெல்லாம் நிரம்பிவிடுமாம். நான் நடுவில் உட்கார்ந்து, ஒரு பக்கம் என் பையையும் மறுபக்கம் அந்த நோட்டையும் வைத்து, இரண்டு இடம் பிடித்து வைத்திருப்பேன். யாராவது வந்து கேட்டால், ஆள் வருகிறார்கள் என்று சொல்வேன்.

அம்மா